பெரம்பலூரில் ஓர் ஊதா பன்

ஊதா நிறத்தில் பன் சுட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டு, பெரம்பலூரில் யாராவது அதை வாங்குவார்கள் என்று காத்திருக்கக் கொஞ்சம் தடித்த தோல் வேண்டும். எனக்கு அது உண்டு. ஆறு வருடம் அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்தவளுக்கு அது தானாக வந்துவிடும். கடை திறந்த முதல் வாரத்தில் ஒருவர் பன்னைப் பிட்டுப் பார்த்து, இது கத்திரிக்காய் போட்டுச் செய்ததா என்று கேட்டார். இன்னொருவர் நாவல்பழமா என்றார். மூன்றாவது ஆள் எதையும் விசாரிக்கவில்லை, ஒரு தேங்காய் பன் கேட்டார். இல்லை என்றேன். தேங்காய் பன் இல்லாமல் இது என்ன பேக்கரி என்று முனகிக்கொண்டே போனார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் துறையூர் சாலையில் மட்டும் தேங்காய் பன் போடும் கடைகள் ஏழெட்டு இருந்தன. அந்த வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்பதற்காக நான் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரவில்லை.

சிங்கப்பூருக்கு நான் போனது வீட்டு வேலைக்கு. குன்னத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற ஊர் எங்களுடையது. மூன்று வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவருடைய அக்கா, கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி இருக்கிற தைரியத்தில்தான் எட்டு வயது மகளை விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

நான் வேலைக்குப் போன வீட்டில் ஏற்கெனவே ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண் இருந்தார். சமையல் அவர் பொறுப்பு. படுக்கையில் கிடந்த பெரியவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இருவருக்கும் ஒரே அறை. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அக்காவை ஆத்தே என்பார்களாம். நானும் ஆத்தே என்றே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரர்கள் வெளியே போன பிறகு, ஆத்தே ஓவனைச் சூடாக்கித் தன் ஊர்ப் பலகாரங்களைச் சுடுவார். ரொட்டித்தூளில் புரட்டிச் சுடும் பான் டெ சால். வாழையிலை விரித்து, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடும் பிபிங்கா. ஊதாக் கிழங்கில் செய்யும் உபே கேக். அந்த உபேயை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம்முடைய ராசவள்ளிக்கிழங்கு. தை மாதம் பச்சைமலையிலிருந்து பெரம்பலூருக்கு மூட்டையில் வரும், விலை கேட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். அதை இவர்கள் பிறந்தநாளுக்கு வெட்டுகிறார்கள்.

ஆத்தே எனக்கு எதையும் மறைக்கவில்லை. மாவுக்குள் என் கையைப் பிடித்து வைத்து, இந்தப் பதம்தான், விரல் நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்பார். ஈஸ்ட் செத்துப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஓவனின் எந்த மூலை சூடு அதிகம், தேங்காய்ப்பால் திரிந்தால் என்ன செய்வது, எல்லாம் அங்கே கற்றதுதான். ஒரு நாள் அவர் தன் மகனுடன் போனில் பேசிவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதார். பையனுக்குக் குரல் உடைந்து ஆம்பளைக் குரல் வந்துவிட்டதாம், முதலில் யாரோ என்று நினைத்தாராம். எனக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. அதற்கு அடுத்த வருடம் என் மகள் வயசுக்கு வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதை நான் வீடியோ காலில் பார்த்தேன். அண்ணிதான் எல்லாம் செய்தார். பெரியவருக்குக் கஞ்சி ஊட்டுகிற நேரம் வந்துவிட்டதால் பாதியில் போனை வைக்க வேண்டியிருந்தது.

திரும்பி வருவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். பெரியவர் காலமாகும் வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த வீட்டு மேடம் நல்லவர். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அடுத்த மார்ச் முடியும் வரை உன் இடம் உனக்காக இருக்கும், அதற்குள் பதில் சொல் என்றார். என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு வருடம் கடை நடத்திப் பார், நின்றால் இரு, நிற்காவிட்டால் திரும்பிப் போ. பாதியில் நிற்கும் வீட்டையும் மகளின் படிப்பையும் காட்டிப் பேசுகிற மனிதரிடம் என்ன வாதாடுவது? சரி என்றேன். ஆக, கடை ஜெயித்தால் மகளோடு இருப்பேன், தோற்றால் திரும்பவும் வீடியோ காலில் அவளைப் பார்ப்பேன். இதுதான் கணக்கு.

துறையூர் சாலையில் ஒற்றை அறைக் கடை கிடைத்தது. மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து பழைய ஓவனை வாங்கினேன். பெயர்களை மாற்றினேன். பான் டெ சால், பொடி பன் ஆயிற்று. பிபிங்கா, வாழையிலை கேக் ஆயிற்று. அதன் மேல் ஆத்தே உப்பில் ஊறிய வாத்து முட்டையை வில்லை போட்டு வைப்பார், நான் ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். கேக்கில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முட்டையை விட்டுவிட்டுத் தேங்காய்த்துருவல் போட்டேன். பொடி பன்னைத்தான் முதலில் ஊர் ஏற்றுக்கொண்டது, டீயில் முக்கித் தின்ன அது தோதாக இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் தினமும் காலையில் ஒரு ட்ரே எடுத்துக்கொண்டார். ஊதா பன் மெதுவாகத்தான் நகர்ந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தேங்காய் பன் போடு என்று சொல்லாதவர்கள் இல்லை. எனக்கு வீம்பு. கிழங்கு நம் மலையில் விளைகிறது, ருசியும் நன்றாக இருக்கிறது, நிறத்துக்காக அதை ஒதுக்கினால் நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

கடையில் என்னோடு அண்ணி இருந்தார். காலையில் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வந்துவிடுவோம். தேங்காய் துருவுவது, கிழங்கு தோல் சீவுவது, அவிப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அவர். மாவு கலப்பதும் அளவும் நான். அளவை மட்டும் நான் அவருக்குச் சொல்லவே இல்லை. வீட்டிலேயே எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் அளந்து எடுத்து வந்து, இதைக் கொட்டுங்கள், அதைக் கலக்குங்கள் என்பேன். எதற்கு என்று கேட்டால், அப்புறம் சொல்கிறேன் என்பேன்.

ரகசியம் வெளியே போய்விடும் என்று பயந்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அண்ணி மேல் பொறாமை இருந்தது. மகளுக்கு ஜுரம் வந்தால் அண்ணியின் மடியைத்தான் தேடுவாள். தலை பின்ன அண்ணியிடம்தான் உட்காருவாள். என்னிடம் மரியாதையாக இருப்பாள், விருந்துக்கு வந்தவர்களிடம் இருப்பதுபோல. ஆறு வருடத்தில் அண்ணியிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்த ஒரே பொருள் அந்தக் கைப்பக்குவம்தான். அதையும் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் நான் யார்?

மாசி மாதத்தில் கீழப்பழுவூரைச் சேர்ந்த ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவிக்கு ஊதா பன் இரண்டு வாங்கிப் போகிறவர்தான். அவருடைய தங்கை மகளுக்கு அரியலூரில் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் இவருடையது. ஐம்பத்தொரு தட்டு எடுக்கிறார்கள். எல்லோரும் வைக்கிற ஆப்பிளும் சாக்லேட்டும் வேண்டாம், ஒரு பெரிய ஊதா கேக்கும் இரண்டு தட்டு ஊதா பன்னும் வேண்டும், என் தங்கச்சி மகள் அந்த நிறம் என்றால் உயிரை விடுவாள் என்றார். மண்டபத்துச் சமையல்காரர்களும் அன்றைக்கு வந்திருப்பார்கள், பிடித்துவிட்டால் அரியலூர் முழுக்க ஆர்டர் வரும் என்றும் சொன்னார். மார்ச் முடிய ஐந்து வாரம் இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. என் மகளுடைய சடங்குக்கு என் கையால் ஒன்றும் செய்யவில்லை, இந்தப் பெண்ணுக்காவது செய்வோம் என்றும் தோன்றியது.

விழாவுக்கு முதல் நாள் நல்ல வாழையிலைக்காகத் திருமானூர் வரை போனேன். கொள்ளிடக்கரை இலை கிழியாது, தட்டில் விரிக்க அழகாக இருக்கும். திரும்புகையில் பஸ் கிடைக்கவில்லை. கிழங்கை அவித்து மசித்து வைத்துவிடுங்கள் என்று அண்ணிக்குப் போன் செய்தேன். நான் கடைக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். மசியல் மூடி தயாராக இருந்தது. நிறம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீலம் தட்டியது போல இருந்தது. புது மூட்டை, கிழங்கு வேறு கொல்லையில் விளைந்ததாக இருக்கும் என்று நினைத்துக் கலக்க ஆரம்பித்துவிட்டேன். வெந்ததும் மேல்தோல் எப்போதும் போல பழுப்பாகத்தான் இருந்தது. விடியற்காலை கேக்கின் மேல் வெள்ளை கிரீம் பூசி, ஒரு கார் பிடித்து அரியலூருக்குக் கொண்டுபோனோம். ஒரு துண்டு வெட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மேளத்தோடு சீர் வந்து இறங்கியது. தட்டுகளைச் சபையில் பரப்பினார்கள். பெண் ஊதாப் பட்டுப் பாவாடையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் அவள் கையில் கத்தியைக் கொடுத்து, கேக்கை வெட்டச் சொன்னார். வெட்டினாள். உள்ளே பச்சை. குளத்துப் பாசியின் பச்சை.

பெண்ணின் அத்தை, அப்பாவோடு பிறந்தவர், குனிந்து பார்த்துவிட்டுப் பூசணம் பூத்திருக்கிறது என்றார். இன்னொருவர் பன்னைப் பிட்டார். அதிலும் பச்சை. பஞ்சுமிட்டாயில் சாயம் கலக்கிறார்கள் என்று தடை போட்டிருந்த சமயம் அது, எல்லோர் வாயிலும் அதே பேச்சு. சாயம் என்று யாரோ சொன்னதும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நாலைந்து போன்கள் கேக்குக்கு நேரே நீண்டன. நான் ஓரமாக நின்றவள் உள்ளே போய், அந்தக் கேக்கில் ஒரு துண்டை எடுத்து எல்லோர் முன்னாலும் தின்றேன். ருசி சரியாகத்தான் இருந்தது, கடைசியில் மட்டும் லேசான ஒரு சவர்ப்பு. நான் தின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. தாய்மாமன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் கிட்டே வந்து, மெதுவாகச் சொன்னார்.

"எம் மேல கோவப்படட்டும், பரவால்ல. எந் தங்கச்சி பொண்ணு சபையில தல குனிஞ்சு ஒக்காந்துருக்கு. அத மட்டும் பாருங்க."

பார்த்தேன். மணையில் இருந்த பெண் கிரீம் பட்ட விரலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு அழுதாள்.

வீடியோ எங்களுக்கு முன்பே பெரம்பலூர் வந்துவிட்டது. மறுநாள் டீக்கடைக்காரர் ட்ரே வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். அவருடைய வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம், கொஞ்ச நாள் போகட்டுமாம். வாரக் கடைசியில் அலமாரியில் அடுக்கியது அப்படியே இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய என் வீட்டுக்காரர், மேடத்துக்கு ஒரு போன் போட்டு வைத்துக்கொள் என்றார். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். நான் போன் போடவில்லை. போடுவதற்கு முன் ஏன் பச்சையானது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதே மூட்டையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நானே அவித்தேன். அழகான ஊதா. மாவில் கலந்து சுட்டேன். வெட்டினேன். ஊதா. அப்படியானால் கிழங்கில் குற்றமில்லை. பச்சைக் கேக்கின் படத்தை ஆத்தேவுக்கு அனுப்பினேன். அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். வீடியோ காலில் வந்து சிரி சிரி என்று சிரித்துவிட்டு, சோடா போட்டாயா என்று கேட்டார். இந்தக் கிழங்கின் நிறம் சோடா பட்டால் பச்சையாகிவிடும், எலுமிச்சை பட்டால் சிவக்கும். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு இரவே அரை மூடி எலுமிச்சை பிழிந்து கேக்கைக் காப்பாற்றியிருக்கலாமாம். நான் சோடா போடவில்லை என்றேன். கிழங்கை அவித்தது யார் என்றார்.

அண்ணி அப்போது கடையின் பின்பக்கம் ட்ரே துலக்கிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். ஆமாம், கிழங்கு முற்றியது, வேகவே இல்லை, ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். கொண்டைக்கடலை வேகாவிட்டால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. என் வாழ்க்கையையே ஒரு சிட்டிகையில் அழித்துவிட்டீர்கள் என்று கத்தினேன். நான் திரும்பிப் போக வேண்டும் என்றுதானே காத்திருந்தீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு நாளாக எனக்குள் இருந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

அண்ணி தேங்காய்நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இதக் கொட்டு, அத அவின்னு சொல்லுவ. எதுக்குன்னு ஒரு நாளாச்சும் சொல்லிருக்கியா? சொல்லிருந்தா நான் ஏன் சோடாவத் தொடப்போறேன்? நீ வந்து எறங்குனப்ப ஒம் புள்ளைய ஒண்ணு விடாம சொல்லித்தான ஒங் கையில குடுத்தேன். அவளுக்கு எது ஒத்துக்காது, எப்ப வயித்து வலி வரும், எதுக்குப் பயப்படுவா, ஒண்ணயாச்சும் மறைச்சனா?"

மறைக்கவில்லை. நான் வந்த முதல் வாரம் முழுக்க அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கத்திரிக்காய் அவளுக்கு அரிக்கும். இடி இடித்தால் தனியாகப் படுக்க மாட்டாள். மார்க் குறைந்தால் சொல்ல மாட்டாள், சாப்பாடு இறங்காது, அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள். ஆறு வருடம் வளர்த்த பிள்ளையை அண்ணி அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார். நான் இரண்டு கிலோ மைதாவுக்கு எவ்வளவு ஈஸ்ட் என்பதை ஒளித்து வைத்திருந்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை. உள்ளே போய் மைதா டப்பாவைத் திறந்து, அண்ணி இங்கே வாங்க என்று கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அவர் கையைப் பிடித்து மாவுக்குள் வைத்தேன்.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணிக்குப் படிப்பு குறைவு, நினைவு அதிகம். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதோடு, தேங்காய்ப்பாலை இரண்டாம் பாலாக ஊற்றினால் வாழையிலை கேக் அடியில் பிசுபிசுக்காது என்று எனக்கே ஒன்று சொன்னார். உண்மைதான். ஒரு வருடமாக அதை அவரிடமிருந்து கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கீழப்பழுவூர் போனோம். தாய்மாமன் வாங்க என்றார், உட்காரச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பித் தர வந்தீர்களா என்றார். அதை அன்றைக்கே திருப்பிவிட்டேனே என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான், உங்கள் தங்கை வீட்டுக்கு எங்களை ஒருமுறை கூட்டிப் போங்கள், அந்தப் பெண்ணிடம் நான் பேச வேண்டும். அவர் யோசித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அரியலூரில் தங்கை வீட்டில் எங்களைப் பார்த்ததும் பெண்ணின் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். பெண் கதவோரம் நின்றாள்.

நான் மசியல் கொண்டுபோயிருந்தேன். கிண்ணத்தில் போட்டு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா தூவிக் கலக்கினேன். எல்லோரும் பார்க்கப் பார்க்க நீலமாகிப் பச்சையானது. எலுமிச்சையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துப் பிழியச் சொன்னேன். பிழிந்தாள். பச்சை போய், ஊதா வந்து, இன்னும் பிழிந்ததும் ரோஜா நிறத்துக்குப் போனது. அவள் இன்னொரு கிண்ணம் கேட்டாள். இது சாயமில்லை, பூசணமுமில்லை, உன் சடங்கில் தப்பாக எதுவும் நடக்கவில்லை என்றேன். அண்ணி குறுக்கே புகுந்து, சோடா போட்டது நான்தான், இவள் இல்லை என்றார். சொல்லிக்கொடுக்காதது நான் என்றேன். இரண்டு பேரும் குற்றத்துக்குப் போட்டி போடுவதைப் பார்த்துப் பெண்ணின் அம்மா காபி போட எழுந்தார்.

அத்தை உள்ளேயிருந்து வந்து கிண்ணத்தைப் பார்த்தார். சோடாவோ சாயமோ, சபையில் பச்சை வந்தது வந்ததுதான் என்று சொல்லிவிட்டார். அவரை என்னால் மாற்ற முடியவில்லை. எல்லோரையும் மாற்றிவிடலாம் என்று நான் போகவும் இல்லை. அந்தப் பெண் மூன்றாவது கிண்ணத்தையும் வாங்கித் தன் தோழிக்குக் காட்ட எடுத்துப் போனாள். எனக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு கிண்ணம் மசியலும் ஒரு சிட்டிகை சோடாவும் அரை மூடி எலுமிச்சையும் வைத்தேன். சாயமா என்று யார் கேட்டாலும், நீங்களே போட்டுப் பாருங்கள் என்று அண்ணி சொல்வார். வீடியோவைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்த ஒரு பெரியவர் கால் மணி நேரம் எலுமிச்சை பிழிந்துவிட்டு, இரண்டு பன் வாங்கிப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கூட்டம் வந்தது. வாங்காவிட்டாலும் பிழிந்துவிட்டுப் போவார்கள், எலுமிச்சைச் செலவு பன் செலவை மிஞ்சிவிடும் என்று அண்ணி முணுமுணுத்தார். டீக்கடைக்காரர் அரை ட்ரே எடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை தாய்மாமன் வந்தார். வழக்கம்போல இரண்டு பன் வாங்கிக்கொண்டு போனார். மண்டபத்துச் சமையல்காரர்கள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டது. கடை எழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது, விழுந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் கணக்குப் போடுவது தெரிந்தது. நான் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஊதா பன் தோற்றால் பொடி பன் போடுவேன், அதுவும் தோற்றால் அந்தத் தேங்காய் பன்னையே போட்டுத் தொலைப்பேன், ஆனால் விமானம் ஏற மாட்டேன். மேடத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக இங்கிலீஷில் வாக்கியம் வாக்கியமாக அமைத்து வைத்திருந்தேன். அவர் எனக்குக் கெடுதல் செய்தவர் இல்லை, மனம் நோகச் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை காலை மேடம் போன் வந்தது. மகள் பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்திருந்தாள். எனக்கு இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாவில் இருந்தது, அண்ணி ஓவனில் ட்ரே தள்ளிக்கொண்டிருந்தார். மகள்தான் போனை எடுத்தாள். யார் என்று பார்த்தவள் என்னிடம் கொடுக்காமல் காதில் வைத்துக்கொண்டாள். இங்கிலீஷில் நான்கைந்து வரி பேசினாள். நடுவில் நிறுத்தாமல் பேசினாள். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஆறு வருடம் அந்த இங்கிலீஷில் வேலை பார்த்தவள் நான், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. அண்ணிக்குப் புரியவில்லை. என்னடி சொன்ன என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஒங்க வூட்டுத் தாத்தாவ எங்கம்மா கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டாங்க. என்னைய இன்னும் பாத்துக்கவே இல்ல. அதுக்குள்ள அனுப்ப மாட்டேன்னு சொன்னேன், அத்தை."

ஒரு வாரமாக நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது, மாவுக் கையால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. அண்ணி வந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டார். மகள் போனை அலமாரி மேல் வைத்துவிட்டு, கை கழுவி வந்து என் எதிரே நின்று, எவ்வளவு பெரிய உருண்டையாக உருட்ட வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன்.